முதல் ஆய்வுப் பயிற்சி: இளநிலை அறிவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கல்லூரிகளில் பி.எஸ்சி. பிராக்டிகல் எப்படி நடக்கிறது என்பது படித்த எல்லோருக்கும் தெரியும். டைட்ரேஷனில் பியூரெட் ரீடிங் 10.2 வரவேண்டும் என்று போன பேட்ச் சொல்லிவைத்திருக்கும். நமக்கு 11.1 வருகிறது. திரும்பச் செய்ய நேரமில்லை. 10.2, 10.2 என்று அப்சர்வேஷனில் எழுதிக் கையெழுத்து வாங்கி, வீட்டுக்குப் போய் ரெக்கார்டு நோட்டில் அழகாக ஏற்றிவிடுகிறோம். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போடுவதும் இதே கதைதான்.

விடுமுறையில் ஓர் ஆய்வகத்துக்குப் போய் வழிகாட்டியிடம் வேலை பழகும் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பழக்கத்திலிருந்தே வருகின்றன. அங்கே விடை வழிகாட்டிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சோதனையைச் செய்யவே மாட்டார்கள்.

இடம் கேட்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஐம்பது பேராசிரியர்களை சிசியில் போட்டு, ‘தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்’ என்று ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் போன கடிதம் யாருக்கும் எழுதப்பட்டதாகத் தெரியாது. அதைவிட, ஒருவருடைய ஒரே ஒரு ஆய்வுக்கட்டுரையை எடுங்கள். பாதிதான் புரியும், பரவாயில்லை. புரிந்த இடத்திலிருந்து ஒரு கேள்வி, நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வரமுடியும். பத்து வரி போதும்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சந்திரசேகர், 1928இல் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது, இங்கே வந்திருந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்ஃபெல்டை அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ச் சந்தித்தார். அணு அமைப்பு பற்றி சாமர்ஃபெல்ட் எழுதிய நூலை முன்பே படித்திருந்தார். அந்த நூலுக்குப் பிறகு இயற்பியல் எவ்வளவோ மாறிவிட்டது என்று சொன்ன சாமர்ஃபெல்ட், அச்சாகவிருந்த தன் கட்டுரையின் புரூஃபையும் அவருக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அந்த இளநிலை மாணவரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. சந்திரசேகர் மேதை, சரி. ஆனால் போகும் முன் படித்துவிட்டுப் போவதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை.

காலம் தவறுவது இன்னொன்று. ஏப்ரலில் செமஸ்டர் முடியும்போது கோடைப் பயிற்சியைப் பற்றி நினைத்தால் வாய்ப்புகள் ஏறக்குறைய முடிந்திருக்கும். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக நவம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகையை வாங்குகிறவர்கள் கவனிக்க: ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று வகுத்த திட்டத்தில் 20,000 ரூபாய் கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. யாரிடமாவது ஒரு சான்றிதழை எழுதி வாங்கி அந்த வாய்ப்பைத் தவறவிடும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. கிராமத்துக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒரு நல்ல ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருப்பதற்காகப் போட்ட பணம் அது.

இனி ஆய்வகத்துக்குள். குறிப்பேட்டை ரெக்கார்டு நோட்டாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கையுறையோடு நிற்கும்போது டிஷ்யூ பேப்பரில் எண்களைக் கிறுக்கிவைத்து, சாயங்காலம் ஃபேர் காப்பி எழுதுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் 11.1 மறுபடி 10.2 ஆகிறது. பேனாவால், தேதி போட்டு, செய்துகொண்டிருக்கும்போதே எழுதுங்கள். தப்பாகிவிட்டால் ஒரே கோடு போட்டு அடியுங்கள். அடித்தது படிக்கிற மாதிரி இருக்கட்டும். வைட்னர் வேண்டாம், தாளைக் கிழிக்கவும் வேண்டாம். ‘பஃபர் புதிதாகக் கரைத்தது’, ‘2.40க்கு கரண்ட் போனது, ஜெனரேட்டர் வர நான்கு நிமிடம்’ போன்ற வரிகளையும் விடாதீர்கள். ஒரு மாதம் கழித்து முடிவு ஏன் கோணலாக வந்தது என்று தேடும்போது அந்த வரிதான் கைகொடுக்கும்.

குப்பிகளுக்குப் பெயர் எழுதுவதும் இதில் சேர்த்திதான். மூடியில் 1, 2, 3 என்று மட்டும் எழுதி ஃப்ரீசரில் வைப்பார்கள். மூடி மாறலாம்; எத்தனால் பட்டால் சாதாரண மார்க்கர் மை அழிந்தேபோகும். குப்பியின் உடம்பிலும் எழுதுங்கள்: உள்ளே இருக்கும் சாம்பிள் என்ன, தேதி, உங்கள் இனிஷியல்.

கணினியில் இருக்கும் தரவுக்கும் இதே கவனம் வேண்டும். கருவி கொடுத்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். செப்ட்2 என்ற பெயர் செப்டம்பர் 2 ஆகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் கடைசியில் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

அடுத்தது, தவறை மறைப்பது. டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் சோதனையைச் செய்யும்போது ஒரு குப்பியில் டிஎன்ஏவுக்குப் பதில் வெறும் தண்ணீர் விடுவோம். பெருகிய டிஎன்ஏ பட்டைகளாகத் தெரிவதற்காக எல்லாவற்றையும் ஜெல்லில் ஓட்டும்போது, அந்தத் தண்ணீர் வரிசை காலியாக இருக்கவேண்டும். அங்கேயும் பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்; மற்ற வரிசைகளையும் நம்ப முடியாது. புதிதாக வந்த மாணவர் இதைப் பார்த்ததும் பயந்து, அந்த ஓரத்தை விட்டுவிட்டுப் படம் எடுத்துக் காட்டுவார். அதை நம்பி பிஎச்.டி. படிக்கும் அக்கா அடுத்த மூன்று வாரம் வேலை செய்வார். ‘அக்கா, தண்ணீர் வரிசையிலும் பட்டை வந்திருக்கு’ என்று அன்றே சொல்லியிருந்தால் புது தண்ணீர், பைப்பெட் முனையில் மாட்டும் டிப்களில் புதுப் பெட்டி எடுத்து மறுநாளே சரி பார்த்திருக்கலாம். குப்பியைக் கொட்டிவிட்டதையோ கருவியைத் தவறாக அழுத்தியதையோ சொன்னதற்காக நல்ல ஆய்வகம் யாரையும் ஒதுக்காது.

புரியாமல் ‘சரி சார்’ என்று தலையாட்டுவதும் வகுப்பறைப் பழக்கம்தான். சொன்னதை உங்கள் வார்த்தையில் திரும்பச் சொல்லிப் பாருங்கள்: ‘சார், முதலில் கரைசலில் தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்துவிட்டு, அப்புறம் அது ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கணும், சரிதானே?’ தப்பு இருந்தால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். வழிகாட்டி வாரக்கணக்கில் பிடிபடாதவராக இருந்தால், வெள்ளிக்கிழமைதோறும் செய்தது, வந்தது, அடுத்தது என்று மூன்று வரி அனுப்புங்கள்.

இரண்டு மாதத்தில் கட்டுரை வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் பைப்பெட் கைக்குப் பழகவே சில வாரம் ஆகும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் பிரசுரம் என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்களை அண்டவே வேண்டாம். வழிகாட்டிக்குத் தெரியாமல் ஆய்வகத்தின் தரவை எங்கும் அனுப்புவது பெரிய நம்பிக்கைத் துரோகம். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து அறிக்கை வாங்குவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசித் தேதிக்கு முந்தின இரவு கேட்டால் யாராலும் நல்லதாக எழுத முடியாது. குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். ஆய்வகத்தில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி அதோடு அனுப்புங்கள். கிளம்பும் வாரத்தில் குறிப்பேட்டை அங்கேயே ஒப்படையுங்கள், அனுமதி வாங்கி நகல் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குப்பி எந்த ஃப்ரீசரில், எந்தத் தட்டில் இருக்கிறது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, அடுத்து அந்த வேலையை எடுக்கப்போகிறவரிடம் நேரில் காட்டிவிட்டு வாருங்கள்.