போனில் உள்ள கமராவே போதும்: காலி முகத்திடலில் ஒரு பின்னேரப் பயிற்சி

புதிதாக எந்தச் செயலியும் தேவையில்லை. பின்னேரம் 5.30 அளவில் கொழும்பு காலி முகத்திடலுக்குப் போங்கள். வெளிச்சம் மாற மாறப் பழகலாம்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். இறால் வடை சாப்பிட்ட விரல் பட்டிருந்தால் படம் முழுக்கப் புகை மூடியதுபோல இருக்கும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

அடுத்து, செட்டிங்ஸில் ‘கிரிட்’டை ஆன் செய்யுங்கள். ஐபோனில் இது கமராவுக்குள் இல்லை, பொது செட்டிங்ஸில் ‘கமரா’ என்ற பகுதியில் இருக்கும். திரையில் தெரியும் குறுக்குக் கோட்டோடு தொடுவானத்தைப் பொருத்தினால் கடல் சரிந்து நிற்காது.

இனித்தான் முக்கியமான வேலை. இங்கே சூரியன் கடலில்தான் இறங்கும். அதற்கு முன்னால் ஒருவரை நிறுத்தி எடுத்தால் முகம் கறுத்துப்போகும், ஏனென்றால் வானத்தின் பிரகாசத்தைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. திரையில் முகத்தைத் தொடுங்கள். முகம் தெளியும், வானம் கொஞ்சம் வெளிறும். பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தை மேலும் கீழும் இழுத்து அளவு பாருங்கள். பெரும்பாலான போன்களில் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். பட்டத்தோடு பிள்ளைகள் குறுக்கே ஓடினாலும் மாறாது. வானத்தைத் தொட்டால் நேர்மாறு: ஆள் கறுப்பு உருவமாவார், செம்மஞ்சள் நிறம் அள்ளும். எனக்கு இதுதான் பிடிக்கும். வீட்டில் காட்டினால் “முகம் எங்கே?” என்பார்கள், அது வேறு கதை.

தூரத்துத் தாமரைக் கோபுரத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். தூரத்துக்கென்று தனி லென்ஸ் இல்லாத போன், படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

சரி, வீடியோ. போனைப் படுக்கை வாட்டில், முழங்கைகளை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். ஸ்டேட்டஸுக்கு மட்டும் என்றால் நெடுக்காகவே எடுக்கலாம். வீடியோ செட்டிங்ஸில் 1080பி என்ற தெளிவு, நொடிக்கு 30 படங்கள் என்ற வேகம் போதும். அதைவிடக் கூடிய தெளிவான 4கேயில் புள்ளிகள் நான்கு மடங்கு, போன் சீக்கிரம் நிரம்பிவிடும். கடல் காற்று மைக்கில் அடித்தால் பேச்சே கேட்காது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போனை உடம்பின் மறைவில் வையுங்கள்.

இருட்டிய பிறகு கடை விளக்குகளின் கீழே எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? போன் பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. 30 என்ற வேகம் அதோடு ஒத்துப்போகாது. ஐபோனில் வீடியோ செட்டிங்ஸில் ‘PAL’ வடிவங்களைக் காட்டச் சொல்லி நொடிக்கு 25 படங்கள் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அளவுகளை நாமே மாற்றக்கூடிய ‘புரோ வீடியோ’ உள்ள அண்ட்ராய்டு போன் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள்.