அடாபலீன் ஜெல்: முதல் மூன்று மாதம் பூசுவது எப்படி?

பருவுக்குத் தோல் டாக்டர்கள் அதிகம் எழுதித் தரும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து), அடாபலீன் 0.1% ஜெல். வாங்கியவர்களில் பலர் இரண்டே வாரத்தில் "எரியுது, உரியுது" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மருந்தில் இல்லை. பூசும் அளவிலும் அவசரத்திலும்தான். நம் மாநிறத் தோலில் எரிச்சல் எரிச்சலோடு போகாது. எரிந்த இடம் கறுத்து, அந்தக் கறை மங்க மாதக்கணக்காகும். அதனால் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும்.

தொடங்கும் முன்

கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ எந்த ரெட்டினாய்டும் வேண்டாம். பாலூட்டுபவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்கவும். முகத்தில் புண், கரப்பான், வெயில் பட்ட எரிச்சல் இருந்தால் அது ஆறட்டும்.

ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ட்ரெடினாயின் என்ற இன்னொரு ரெட்டினாய்டோடு ஹைட்ரோகுயினோன், மொமெட்டசோன் என்ற பெயர்களும் இருந்தால் அது மங்குக்குத் தரும் மூன்று மருந்துக் கலவை, பருவுக்கானது அல்ல. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. சில நாள் முகம் பளிச்சென்று இருக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு முன்பைவிட மோசமாகக் கிளம்பும். மெடிக்கல் ஷாப்பில் "பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்குவதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

இரவில் பூசும் முறை

1. மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

2. 20 நிமிடம் விடுங்கள். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும்.

3. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்து மெல்லிதாகப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் வைத்துப் பயனில்லை. துளைகள் அடைபடாமல் தடுப்பதுதான் இதன் வேலை, எனவே பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். அளவைக் கூட்டினால் பரு சீக்கிரம் போகாது, தோல்தான் சீக்கிரம் உரியும்.

4. கண்ணிமை, மூக்கோரம், உதட்டோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். அங்கே முதலிலேயே கொஞ்சம் வாஸ்லின் தடவிவைத்தால் ஜெல் வழிந்தாலும் பாதிக்காது.

5. மேலே மாய்ஸ்சரைசர். எளிதில் எரியும் தோல் என்றால் ஜெல்லுக்கு முன்னும் ஒரு முறை பூசலாம்.

டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், முதல் இரண்டு வாரம் திங்கள், வியாழன் மட்டும். அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் தாங்கினால் பிறகு தினமும்.

எது இயல்பு, எது இல்லை

முதல் மாதம் லேசான வறட்சியும் உரிதலும் இருக்கும். உள்ளே ஏற்கெனவே அடைபட்டிருந்தவை மேலே வருவதால் பரு கூடியதுபோலவும் தெரியலாம். பலன் பார்க்க 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆனால் வெறும் தண்ணீர் பட்டாலே சுரீர் என்றால் நிறுத்துங்கள். தோல் அடங்கும்வரை மாய்ஸ்சரைசர் மட்டும், பிறகு முந்தைய கட்டத்திலிருந்து தொடங்குங்கள். வீக்கமோ நீர்க்கசிவோ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு, சாலிசிலிக் ஆசிட், கிளைக்காலிக் ஆசிட் எல்லாவற்றையும் இந்த மாதங்களில் ஒதுக்கிவையுங்கள். டாக்டர் பென்சாயில் பெராக்சைடும் தந்திருந்தால் அதைக் காலையில் பூசுவது எரிச்சலைக் குறைக்கும். மேலுதட்டில் வேக்ஸிங் செய்தால் தோலே பிய்ந்து வரலாம். ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்த வேண்டும்.

காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. வண்டியில் வெயிலில் அலைபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

பரு அடங்கியதும் சட்டென்று நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். வாரத்தில் எத்தனை இரவாகக் குறைக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.