லைன் வண்டியிலிருந்து லோக்கல் வேலைக்கு: குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மாறுவது எப்படி

லைன் வண்டி, அதாவது நாள்கணக்கில் வெளியூர் ஓடும் லாரி, ஓட்டுபவர் வீட்டில் நல்ல செய்தி வந்த பிறகு, அன்றன்றே வீடு திரும்பும் லோக்கல் வேலை தேடத் தொடங்கினால் அது தாமதம். புதிதாகச் சேருபவருக்கு முதலில் கிடைப்பது மற்றவர்கள் ஒதுக்கிய ஷிஃப்ட்தான்: இரவு ஓட்டம், விடுமுறை நாள் லோடு, ஆள் வராத அன்று யாரோ ஒருவருடைய வண்டி. சீனியாரிட்டி ஏறினால்தான் நல்ல நேரம் கிடைக்கும். குழந்தை பிறக்கும்போது எடுக்கும் விடுப்புக்கோ குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கோ ஓராண்டு பணிக்காலம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடமாக இருந்தால், கரு உருவாவதற்கு நான்கு மாதம் முன்பாவது அங்கே சேர்ந்திருக்க வேண்டும். இந்த விதியை வேலையில் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உடம்புக்கும் அவகாசம் வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். புகைப்பழக்கமும், மணிக்கணக்காக உட்கார்ந்தே இருப்பதால் ஏறும் சூடும் அதன் தரத்தைக் குறைக்கக்கூடும். இன்று பழக்கத்தை மாற்றினால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். மனைவிக்கு ஃபோலிக் அமிலம், வழக்கமாக நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அளவை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். லாரி ஓட்டுவதே பெண் என்றால், வண்டியின் அதிர்வும் சுமை தூக்குவதும் கர்ப்பத்தில் கவனிக்க வேண்டியவை. லோடு ஒதுக்கும் மேசை, புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி போன்ற மாற்றுப்பணி உண்டா என்று முதலிலேயே கேட்பது நல்லது.

'லோக்கல்' என்ற சொல்லை மட்டும் நம்பிச் சேரக்கூடாது. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்புவதும் லோக்கல்தான். ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டியில் தூரம் குறைவு, ஆனால் கலவை இறுகும் முன் கொட்டியாக வேண்டும். தளத்தில் பம்ப் நின்றால் திரும்பும் நேரம் யார் கையிலும் இல்லை. கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் வண்டியில் ஓட்டுவதைவிட இறக்குவதே பெரிய வேலை. துறைமுகக் கன்டெய்னர் ஓட்டத்தில் கேட் வரிசை நேரத்தைத் தின்னும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லையென்றால் அந்த வேலையைத் தவிர்ப்பதே மேல். எரிபொருள் டேங்கருக்கு அபாயப் பொருள் ஏற்றும் தனித் தகுதி தேவைப்படும். அதற்கான பயிற்சியை லைனில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் பொதுவாக அந்த வேலையில் கூலியும் கூடுதல், நேரமும் ஒழுங்கு.

நேர்காணலில் "எத்தனை மணி நேர வேலை?" என்று கேட்டால் நல்ல பதில்தான் வரும். "போன வாரம் இந்த வண்டி தினமும் எத்தனை மணிக்குத் திரும்பியது?" என்று கேளுங்கள். அதே வண்டியை ஓட்டுபவரிடமும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கையால் இறக்க வேண்டுமா, ஒரு நாளைக்கு எத்தனை இடம், முன்பு ஓட்டியவர் ஏன் போனார் என்பவையும் முக்கியம்.

பணக் கணக்கில் பலர் தவறுவது, இரண்டு சம்பளத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான். கடைசி ஆறு மாத வருமானத்தை எடுத்து, சாப்பாடு, குளியல், பார்க்கிங் என்று வழியில் செலவானதைக் கழியுங்கள். உதாரணமாக லைன் வருமானம் 100, வழிச்செலவு 15 என்றால் கையில் நிற்பது 85. லோக்கல் சம்பளம் 75, போக வர 5 என்றால் 70. சம்பளத்தில் 25 குறைவது போலத் தெரிந்தாலும் உண்மையான இடைவெளி 15தான். மாறுவதற்கு முன் மூன்று மாதம் அந்த 70க்குள் குடும்பம் நடத்திப் பாருங்கள். மிச்சமாகும் 15 பிரசவச் செலவுக்குச் சேரட்டும். முடியவில்லை என்றால் எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் அதையே ஊருக்குள் ஓட்டலாம் என்று நினைப்பது பெரும்பாலும் நஷ்டத்தில் முடிகிறது. நெடுஞ்சாலை வேகத்துக்கென்று அமைந்த ஆக்சில் விகிதத்தோடு நின்று நின்று ஓடினால் கிளட்சும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். புகையிலுள்ள கரியைப் பிடித்து எரிக்கும் துகள் வடிகட்டி உள்ள வண்டியில் புகைக்குழாய் போதுமான அளவு சூடாகாததால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். நீள வண்டி சந்தில் திரும்பாது. மீதக் கடனையும் விற்பனை விலையையும் ஒப்பிட்டு முதலில் முடிவெடுங்கள்.

பல ஆண்டு அனுபவம் இருந்தாலும் முதல் மூன்று மாதம் கவனமாக இருக்க வேண்டும். லைனில் நாளுக்கு ஒன்றிரண்டு முறை ரிவர்ஸ் எடுத்தவர் இங்கே இருபது முறை எடுப்பார். புதியவர்களுக்குச் சேதம் அங்கேதான் நடக்கிறது. சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். கேபினிலிருந்து குதிக்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்கும்படி இறங்குங்கள். நாள் முழுக்க ஏறி இறங்கும் வேலையில் முதலில் போவது முழங்காலும் கணுக்காலும்தான்.

பழைய இடத்தில் முறையாக முன்னறிவிப்பு கொடுத்து, டயர், ஜாக்கி, தார்பாய், ஆவணங்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அனுபவச் சான்றிதழும் பாக்கிப் பணமும் கைக்கு வந்த பிறகு வெளியேறுங்கள். புது வேலையில் தகுதிகாண் காலம் முடியும் வரை பழைய முதலாளியோடு உறவு கெடாமல் இருப்பது நல்லது.

கர்ப்பம் உறுதியானதும் பரிசோதனைத் தேதிகளை லோடு ஒதுக்குபவரிடம் சொல்லிவிடுங்கள். உலக சுகாதார அமைப்பு குறைந்தது 8 சந்திப்புகளைப் பரிந்துரைக்கிறது. முதலாவது 12 வாரத்துக்குள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முன்பே தெரிவித்தால் மாற்று ஓட்டுநர் கிடைப்பார். 36ஆவது வாரத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் திரும்பக்கூடிய ஓட்டமாகக் கேளுங்கள். அழைப்பு வந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது, சாவி யாரிடம் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.