மண்டபத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? பிஸ்கட் தகரப் பேணியைத் தூர வையுங்கள்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் கடல்தான். அந்தப் பக்கமும் தமிழ், இந்தப் பக்கமும் தமிழ். மீனும் ஒன்றுதான், பனையும் ஒன்றுதான். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். கனடா போனவர்கள் இறங்கிய அன்றைக்கே குளிர்ச்சட்டை வாங்குகிறார்கள். இலங்கையிலிருந்து அகதிகளாக மண்டபம் முகாமுக்கு வந்த நாமோ “நம்ம ஊர் மாதிரித்தானே” என்று உட்கார்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், 2022இல்.

அலுவலக விஷயங்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரைன் பொலிஸ், அகதிகளை விசாரிக்கிற கியூ பிரிவுப் பொலிஸ், முகாம் அலுவலகம் என்று கூப்பிட்ட இடத்தில் போய் நில்லுங்கள். கேட்டதற்கு ஒரே பதிலை ஒரே மாதிரிச் சொல்லுங்கள். ஆஜர் எடுக்கும் நேரத்தில் வீட்டில் இருங்கள். தருகிற துண்டுச் சீட்டு எதையும் எறிய வேண்டாம். மற்றதைப் பக்கத்து வீட்டு ஆட்கள் சொல்லித் தருவார்கள், கேட்காமலே சொல்வார்கள். நான் எழுத வந்தது வீட்டுக்குள் நடக்கிற விஷயம்.

எங்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து அறை, ஐந்து பேர். இந்த முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிச் சனத்தை நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தி வைத்த இடம். நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு அலுமாரி எதற்கு? நமக்கு வேணும். ஆனால் அலுமாரி வாங்குகிற காசுக்கு அரிசிக்கு மேலே ஆயிரம் செலவு இருக்கிறது. அதனால் கையில் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டும்.

முதல் வேலை, அரிசிச் சாக்கு. நாம் உரப்பை என்கிற பிளாஸ்டிக் சாக்குதான். 25 கிலோ சாக்கின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, விரித்து, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். இன்னொரு சாக்கைச் சாண் அகலத் துண்டுகளாக வெட்டி, விரித்த சாக்கின் மேல் மூன்று வரிசையாக வைத்து நைலோன் நூலால் தைத்தால் பன்னிரண்டு பொக்கற் உள்ள சுவர்ப்பை கிடைக்கும். சாக்கை வெட்டினால் விளிம்பு பிரிந்து நார் நாராக வரும். வெட்டிய விளிம்பை மெழுகுதிரிச் சுடரில் பட்டும் படாமல் காட்டுங்கள், உருகிப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். மேல் ஓரத்தை மடித்துத் தைத்து ஒரு சவுக்குக் கம்பைச் செருகி, இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். சீப்பு, மருந்து, கொப்பி, கரண்டி எல்லாம் சுவரில் ஏறிவிடும், தரை மிஞ்சும். தைக்கிற ஊசி இல்லையென்றால் வலை முடிகிற வீடுகளில் கேளுங்கள். எனக்குத் தங்கச்சிமடத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒன்று தந்தார். “திருப்பித் தரணும்த்தா” என்றுதான் தந்தார், இன்னும் என்னிடம் இருக்கிறது.

பழைய வலைத் துண்டும் கேட்டால் கிடைக்கும். நாலு மூலையையும் கட்டித் தூக்கினால் வெங்காயம், பாய், தலையணை எல்லாவற்றுக்கும் தொட்டில். ஒன்று மட்டும்: வலையை நல்ல தண்ணியில் இரண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணியை மாற்றி மாற்றி அலசாமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நாற்றத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உப்பு இருக்கிற வலை மழை நாளில் தானாகவே ஈரமாகும். அதில் வைத்த வெங்காயம் முளைக்கும், தலையணையில் பூஞ்சணம் பூக்கும்.

எண்ணெய்க் கேன்களின் மேல்பக்கத்தைச் சரிவாக வெட்டினால் பருப்பு, மா அள்ளி வைக்கலாம். மீன் கம்பனிகள் கழிக்கிற வெள்ளைப் பெட்டியை நாம் ரெஜிபோம் என்போம், இங்கே தெர்மகோல். மூடியோடு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் சாப்பாட்டுச் சாமான் உள்ளே வைத்தால் எலி ஒரு ராத்திரியில் வாசல் வெட்டிவிடும். நான் அதில் கற்பூரவள்ளி வளர்க்கிறேன். நீல டிரம் மலிவாக வருகிறதென்று தண்ணிக்கு வாங்க வேண்டாம், முன்பு அதில் என்ன இருந்ததென்று விற்கிறவருக்கே தெரியாது.

பனையோலைப் பெட்டிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, கடகம் இழைத்த கைகள்தான் நம்முடையவை. சாயல்குடிப் பக்கம் பனை நிறைய. இங்கே சின்னப் பெட்டியைக் கொட்டான் என்கிறார்கள். பின்னல் நம்முடையது போலத்தான். அவர்கள் விளிம்பு கட்டுகிற விதம் வேறு. நம்முடையதுதான் உறுதி என்று நான் வாய்விட்டுச் சொல்லி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, இப்போது பேணிக்கு வருகிறேன்.

நான் கடல்கரை ஆள் இல்லை. வவுனியாவுக்கு வடக்கே, கடல் வாசமே படாத ஊர். எங்கள் வீட்டு றங்குப்பெட்டி அம்மாவின் கலியாணத்துக்கு வந்தது, என் கலியாணத்துக்கும் கறள் இல்லாமல் இருந்தது, துருவைத்தான் நாங்கள் கறள் என்போம். இரும்பு என்றால் பத்திரம், அப்படித்தான் வளர்ந்தோம். மன்னார் ஆட்கள் இதை வாசித்துச் சிரிப்பார்கள். சிரியுங்கள், உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

எங்கள் பத்திரங்கள் என்னவெல்லாம் பார்த்தவை! 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாமின் கூடாரத்தில் அவை அம்மாவின் இடுப்புத் துணியில் இருந்தன. படகில் வரும்போது ஒரு சொப்பின் பைக்குள் (பிளாஸ்டிக் பைதான்) இன்னொரு சொப்பின் பை, அதற்குள் இன்னொன்று என்று கட்டி என் நெஞ்சோடு வைத்திருந்தேன். மணல் திட்டில் இறக்கிவிட்டபோது இடுப்பளவு தண்ணீர். காலையில் அவிழ்த்துப் பார்த்தேன், ஒரு மூலைகூட நனையவில்லை.

அறை கிடைத்ததும் எனக்குக் கௌரவம் வந்துவிட்டது. கடதாசியைச் சொப்பின் பையில் வைப்பது அகதி வேலை, வீடென்றால் பெட்டி வேண்டும் என்று நினைத்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பெரிய பிஸ்கட் பேணி இருபது ரூபாய்க்கு வாங்கினேன். மேலே ஏற்கெனவே ஓரிரண்டு கறள் புள்ளி இருந்தது. அதை மறைக்க மைதா மாப் பசை காய்ச்சி, கலியாணப் பரிசு சுற்றுகிற பூப்போட்ட தாளைச் சுற்றிலும் ஒட்டினேன். மூடிக்கு மகள் சிப்பி ஒட்டினாள். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டு, அதே மாதிரி நாலு வீட்டுக்கு நானே செய்து கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கன்னம் சுடுகிறது.

பேணியைக் கூரைக்குக் கீழே பலகையில் வைத்தேன். பகலில் கூரை கொதிக்கும், ராத்திரி குளிரும். உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் முத்து முத்தாகப் பிடிக்கும், மூடியிலிருந்து கடதாசியில் சொட்டும். வெளியே உப்புக் காற்று. உப்புக்கு ஒரு குணம், சும்மா இருக்கிற காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த உப்பு ஈரத்தில் இரும்பு வேகமாகக் கறள் பிடிக்கும். இதற்கு மேல் நான் ஒட்டிய மாப் பசை. அது ஈரத்தை விடாமல் தகரத்தோடு பிடித்து வைத்திருந்தது. மேலே பூ, கீழே கறள். பூ இருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் வாடை தொடங்கியது. மார்கழி முடிந்து பள்ளிக்கூடத்தில் மகளின் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். மூடி வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். மகளின் பத்திரமும் அப்பாவின் காணி உறுதியும் (நிலப் பத்திரம்) ஒன்றோடொன்று ஒட்டி, செம்மண்ணில் தோய்த்தது போல இருந்தன. குண்டூசி குத்திய இடம், கிளிப் போட்ட இடம் எல்லாம் கறள் தின்று ஓட்டை. உறுதியில் அப்பா கையெழுத்து வைத்த பக்கம்தான் அடிப் பக்கம், தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிந்து வந்த பேப்பர்களை ஒரு கடையில் கொடுத்து லாமினேட் செய்தேன். ஈரம் முழுதாகக் காயவில்லை. பிளாஸ்டிக்குக்குள்ளேயே கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. பிரிக்கவும் முடியாது, மேலே முத்திரை குத்தவும் முடியாது என்று ஒரு அலுவலகத்தில் திருப்பித் தந்தார்கள்.

மகளின் பத்திரத்துக்கு ஊரில் என் சின்னம்மா பிரதேச செயலகத்துக்கு மூன்று தரம் நடந்தார். பிரதி வந்து சேர ஐந்து மாதம். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம், எடுப்போம். அப்பா கைப்பட வைத்த கையெழுத்து அதில் வராது.

இங்கே துரு எப்படிப்பட்டது என்று அறிய வேறெங்கும் போக வேண்டாம், பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914இல் திறந்த பாலம், காலமெல்லாம் பெயின்ட் அடித்துப் பராமரித்த பாலம். நாங்கள் வந்த அதே 2022இல், டிசம்பர் மாதம் அரிப்பைக் காரணம் சொல்லி ரயிலை நிறுத்தினார்கள். இராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்தோடும் இராமநாதபுரத்தோடும் திரும்பின. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருவைத் தாங்குவதற்கென்றே தனிப் பூச்சு. ரயில்வேயையே தின்கிற காற்று இருபது ரூபாய்ப் பேணியை விடுமா? மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கிலிருந்து வாடை அடித்தாலும் தெற்கிலிருந்து சோழகம் அடித்தாலும் உப்புத்தான்.

ஆகையால் பத்திரத்துக்குப் பிளாஸ்டிக். வாய் அகலமான, திருகு மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பா. இங்கே கடையில் பேணி என்றால் விழிப்பார்கள், டப்பா என்று கேளுங்கள். பேப்பரிலிருந்து குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். செருப்புப் பெட்டிகளில் சின்னச் சின்னதாக வெள்ளைப் பொட்டலம் வருமே, ஈரம் உறிஞ்சுகிறது, அதைச் சேர்த்து நாலைந்து உள்ளே வையுங்கள். டப்பாவைக் கூரையோடும் வைக்காமல், சுவரோடும் ஒட்டாமல், அறை நடுவில் வலைத் தொட்டிலில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை, வெயில் காய்கிற மத்தியானத்தில் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கும் இங்கே ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். லாமினேட் வேண்டாம்.

மற்ற இரும்புகளும் அப்படித்தான். துணி காயப்போடக் கம்பி கட்டாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி என்று நல்ல கம்பியாகத்தான் தருவார்கள். மேல் பூச்சுப் போனதும் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கோடு விழும். நைலோன் கயிறு போதும். கோடு விழுந்துவிட்டால் எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்துப் பாருங்கள், புதுக்கறை என்றால் போகும்.

மன்னார் ஆட்களுக்கு வைத்திருப்பது இதுதான். உங்கள் பக்கத்தில் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்) மதிலுக்கும் படிக்கும் அடுக்குவீர்கள். இங்கே கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று பலகைக்கு முட்டுக்கொடுக்க ஒரு துண்டைக்கூடத் தூக்கி வராதீர்கள். இந்தக் கடலில் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. கடலட்டையும் அப்படித்தான். நம்மூரில் அனுமதி எடுத்துப் பிடிக்கலாம், இங்கே தொட்டாலே வழக்கு. எங்கள் வரிசையில் ஒரு தம்பி இரண்டு கல்லைக் கொண்டுவந்து அடுப்புக்கு அண்டை கொடுத்தான். பக்கத்து அக்கா அன்றிரவே அவனை எழுப்பி, “நமக்கு இருக்கிற வழக்குப் போதாதா தம்பி” என்று திரும்பக் கொண்டுபோய்ப் போடவைத்தார். மகள் மூடியில் ஒட்டியது சாதாரண மட்டிச் சிப்பி, அதனால் தப்பினோம்.

ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் காசு செலவழியுங்கள். நான் முதல் தரம் ஹார்ட்வேர் கடைக்குப் போய், “அண்ணை, கறள் பிடிக்காத ஆணி இருக்கா?” என்றேன். கடைக்காரர், “கரடி பிடிக்கிற ஆணியா?” என்று கேட்டார். கடையே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்புக்காக இல்லை. எங்கள் அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல் அது. மகன் இப்போது துரு என்றுதான் சொல்கிறான்.

அந்தக் கடைக்காரர் நல்லவர். முகாமிலிருந்து யாராவது போய் வாய் திறக்கும் முன்பே, “கறளாம்மா?” என்று கேட்டு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கொக்கிப் பொட்டலத்தை எடுத்து வைக்கிறார். சாதா ஆணியைவிட விலை கூட. நாலு வாங்குங்கள், ஒரு அறைக்கு நாலு போதும்.