கேஷ் கவுண்டரில் புதிதாக உட்காரப் போகிறவர்களுக்கு

ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வில் தேறி வங்கியில் சேர்ந்தால், பலருக்கும் ஆரம்பத்திலேயே கிடைப்பது கேஷ் கவுண்டர்தான். மாலையில் பணம் குறைந்தால் பெரும்பாலும் நம் கைக்காசுதான் போகும். அதனால் ஒரு நேரத்தில் ஒருவருடைய பணம் மட்டுமே மேசையில் இருக்கட்டும். வரிசை எவ்வளவு நீண்டாலும் சரி.

சலானில் 500 x 40 என்று எழுதியிருந்தாலும் வாடிக்கையாளர் கண்முன்னே எண்ணுங்கள். 500 ரூபாய்க் கட்டுக்குள் 100, 200 ரூபாய்த் தாள்கள் கலந்திருக்கலாம். சில மெஷின்கள் எண்ணிக்கையைச் சொல்லுமே தவிர மதிப்பைச் சொல்லாது. மெஷினில் போடும் முன் நோட்டுக் கட்டை விரலால் விசிறிப் பாருங்கள், நிறமும் அளவும் மாறுவது தெரிந்துவிடும். எண்ணி முடித்த பிறகே பதிவும் சீலும். பணம் கொடுக்கும்போது முறை தலைகீழ்: முதலில் பதிவு, பிறகு பணம்.

கள்ளநோட்டு வந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள். முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ரசீது கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரே பரிவர்த்தனையில் 5 தாள்களோ அதற்கு மேலோ இருந்தால் காவல் நிலையத்தில் எஃப்ஐஆர்.

மதியம் சாப்பிடப் போகும் முன் ஒருமுறை டேலி பார்த்துவிடுங்கள், அதாவது கையில் உள்ள பணமும் பதிவும் ஒத்துப்போகிறதா என்று. வித்தியாசம் வந்தாலும் அரை நாள் சலானைத் தேடினால் போதும்.