யோகோஹாமாவை ஒரே நாள்ல குடும்பத்தோட சுத்திப் பாக்குறது எப்படி?

டோக்கியோ வரைக்கும் குடும்பத்தோட வர்றவங்க யோகோஹாமாவுக்கும் ஒரு நாள் ஒதுக்குறாங்க, ஆனா நேரா புது ஊருப் பக்கம் இருக்கற மினாத்தோமிராய்ல இறங்கி மால், ராட்டினம்னு சுத்தி மத்தியானமே பிள்ளைங்க சோர்ந்துபோய் துறைமுகத்தை சரியா பாக்காமலே திரும்பிடுறாங்க. என்னைக் கேட்டா ரயில்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிடுங்க, அங்கருந்து கடலோரமாவே திரும்பி நடந்து வாங்க. காலைல பழைய துறைமுகம், லைட் போடுற நேரத்துக்கு புது ஊரு.

ஸ்டெப் 1: கிழமை
திங்கள் ஹிகாவா மாரு கப்பல் லீவு, செவ்வாய் கப் நூடுல்ஸ் மியூசியம் லீவு, சனி ஞாயிறு கூட்டம், அதனால புதன்ல இருந்து வெள்ளிக்குள்ள வச்சுக்கோங்க. மியூசியத்துல பிள்ளைங்களே சொந்தமா கப் நூடுல்ஸ் செய்றதுக்கு மூணு மணி வாக்குல ஸ்லாட் கிடைச்சா முன்னாடியே எடுத்துடுங்க. பையில ரெண்டு காலி கவர் அவசியம், ரோட்டுல குப்பைத்தொட்டியே கண்ணுல படாது.

ஸ்டெப் 2: ரயில்
டோக்கியோவுல ஷிபுயா ஸ்டேஷன்ல டோக்யூ டோயோகோ லைன்ல மோத்தோமாச்சி-சூகாகாய் போற வண்டி, மாறவே வேணாம், எக்ஸ்பிரஸ்னா சுமார் 40 நிமிஷம். முன்னாடியே காசு போட்டு வைக்கிற சுயிகா கார்டு இருந்தா தட்டிட்டு போயிட்டே இருக்கலாம்.

ஸ்டெப் 3: யமஷிதா பூங்கா, கப்பல்
ஸ்டேஷன்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா பூங்கா. 1923 பூகம்பத்துல இந்த ஊரே இடிஞ்சு விழுந்துச்சு, அந்த இடிபாட்டைக் கடல்ல கொட்டி நிரப்பி அது மேல போட்ட பூங்கா இது, 1930ல திறந்தாங்க. கரையில நிக்குற ஹிகாவா மாருவும் அதே வருஷத்து கப்பல்தான். சியாட்டிலுக்கு ஆளுங்களை ஏத்திட்டு போன கப்பல், சார்லி சாப்ளின் கூட இதுல போயிருக்காரு, போர் சமயத்துல ஆஸ்பத்திரி கப்பலா ஓடுச்சு. பெரியவங்களுக்கு 300 யென். கீழ எஞ்சின் ரூம் வரைக்கும் பிள்ளைங்களை கூட்டிட்டு போங்க, படி செங்குத்தா இருக்கும், வயசானவங்க கையைப் பிடிச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: சாப்பாடு
ரெண்டு தெரு உள்ள போனா சைனாடவுன். ஆவி பறக்க விக்கிற நிகுமான்ங்கற வேகவச்ச பன்ல உள்ள பன்னிக்கறி இருக்கும், சாப்பிடாதவங்க கேட்டு வாங்குங்க. சைவம்னா காலைலயே எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ கட்டி எடுத்துட்டு வந்து பூங்கா பெஞ்ச்ல உக்காந்து சாப்பிடறதுதான் நிம்மதி.

ஸ்டெப் 5: இந்தியர்கள் கட்டின நீரூற்று
இதை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. திரும்ப யமஷிதா பூங்காவுக்கே வாங்க, அதோட மேற்கு ஓரத்துல, குவிமாடம் வச்ச சின்ன மண்டபம் ஒண்ணு இருக்கு. பூகம்பத்துல எல்லாம் இழந்த இந்திய வியாபாரிகளுக்கு யோகோஹாமா மக்கள் உதவி பண்ணாங்க, அந்த நன்றியை மறக்காம இங்க இருந்த இந்தியர்கள் கட்டி 1939ல ஊருக்குக் கொடுத்தது. நடுவுல போய் நின்னு அப்படியே தலையைத் தூக்கிப் பாருங்க, கூரை உள்பக்கம் முழுக்க சின்னச் சின்ன கல்லா பதிச்ச மொசைக். பக்கத்துல கடல், மேல நம்ம ஊரு கோபுரத்தடியில நிக்குற மாதிரி ஒரு நிழல், எனக்கு அங்கருந்து கிளம்பவே மனசு வரல.

ஸ்டெப் 6: ஓசன்பாஷி
வெளிநாட்டு கப்பல் வந்து நிக்குற துறை, மேல் தளம் முழுக்க மரப்பலகையும் புல்லும், திமிங்கலத்தோட முதுகுன்னு பேரு, காசு கிடையாது. பிள்ளைங்க ஓடட்டும். இங்கருந்து கிங், குயின், ஜாக்னு மூணு பழைய கோபுரம் தெரியும், மூணையும் சேர்த்துப் பாக்குற மூணு இடத்துக்கும் ஒரே நாள்ல போனா நினைச்சது நடக்கும்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. பக்கத்துல வளைஞ்சு போற அலைத்தடுப்புக்கு யானைத் தும்பிக்கைன்னே பேரு, அதைத் தாண்டினா செங்கல் கிடங்கு, 1911லயும் 1913லயும் கட்டி முடிச்ச ரெண்டு கட்டடம், இப்ப உள்ள கடைங்க.

ஸ்டெப் 7: கப் நூடுல்ஸ்
மியூசியத்துக்கு பெரியவங்களுக்கு 500 யென் நுழைவு, கப்புக்கு தனியா 500. வெறும் கப்பை எடுத்து அதுமேல பிள்ளைங்க இஷ்டத்துக்கு வரையலாம். அப்புறம் நூடுல்ஸை கப்புக்குள்ள போட மாட்டாங்க, நூடுல்ஸ் மேல கப்பைக் கவுத்து, பிள்ளை கையாலயே மெஷின் கைப்பிடியைச் சுத்தச் சொல்லி நிமித்துவாங்க. உள்ள போட்டா சாஞ்சுடும், கவுத்தா நடுவுல அப்படியே நிக்கும், கண்டுபிடிச்ச மொமொஃபுகு ஆண்டோவோட யோசனை அது. நாலு சூப்ல ஒண்ணு, பன்னெண்டு டாப்பிங்ல நாலு, ஒண்ணையே திரும்பவும் எடுக்கலாம், கணக்குப் போட்டா 5,460 விதம். சைவக்காரங்க இதை சாப்பிடறதுக்குன்னு வாங்காதீங்க, வரைஞ்ச கப்பை ஞாபகத்துக்கு வச்சுக்கலாம்.

ஸ்டெப் 8: இருட்டினதும்
பக்கத்துலயே காஸ்மோ க்ளாக் ராட்டினம், 112.5 மீட்டர், ஒரு சுத்துக்கு 15 நிமிஷம். விளக்கு போட்டப்புறம் ஏறுங்க, காலைல நடந்து வந்த கரை மொத்தமும் கீழ வரிசையா தெரியும், கப்பல் எங்க இருக்குன்னு பிள்ளைங்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க. இறங்கினதும் கால் வலிச்சா நடக்காதீங்க, ஏர் கேபின் ரோப்கார் அஞ்சே நிமிஷத்துல தண்ணி மேலயே கொண்டுபோய் சகுராகிச்சோ ஸ்டேஷன் வாசல்ல விட்டுடும்.