ஸ்கீ லாகருக்குப் போகும் பிள்ளையும் தூக்க வேண்டிய சாமான்களும்

சுவிஸுக்கு வந்து ஒரு குளிர்காலம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தக் கடிதம் வந்துவிடலாம். ஸ்கீ லாகர், அதாவது பனிச்சறுக்கு முகாம், ஐந்து நாள், கொண்டுவர வேண்டியவை என்று ஒரு நீண்ட பட்டியல். நம்மில் பலர் பனியில் காலே வைத்ததில்லை என்பதால் பிள்ளை விழுந்துவிடுமோ என்றுதான் முதலில் பயப்படுவோம். சறுக்கச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து மலை லிஃப்ட் வரைக்கும் அந்தச் சாமான்களை எப்படிக் கொண்டுபோவது என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. (கட்டணத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். கட்டாயப் பள்ளிக் காலத்தில் கட்டாயமாக நடத்தும் முகாம் என்றால், பிள்ளையின் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டுமே பெற்றோரிடம் பணம் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங்க்.)

என் மகளின் முதல் லாகர் அன்று காலை, ஸ்டேஷன் படிக்கட்டில் அவளுடைய இரண்டு ஸ்கீகளும், அதாவது சறுக்கும் பலகைகள், கத்தரிக்கோல் மாதிரி விரிந்துகொண்டன. ஒன்று கையிலிருந்து நழுவித் தடதடவென்று கீழே போனது. நல்லவேளை, யார் காலிலும் படவில்லை. அவள் அழுதுவிட்டாள். பிளாட்பாரத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அப்பா அரை நிமிடத்தில் அவற்றைச் சேர்த்துப் பூட்டிக் கையில் கொடுத்தார். அந்த அரை நிமிட வேலையை லாகருக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்கிவிடுங்கள்.

சப்பாத்தைக் கவ்விப் பிடிக்கும் பூட்டைக் கடையில் பிண்டுங் என்பார்கள். அதன் குதிப் பக்கத்தில் இரண்டு கொம்பு மாதிரிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிரேக். இரண்டு ஸ்கீகளையும் நிமிர்த்தி, வழுவழுப்பான அடிப்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேருங்கள். ஒன்றைச் சற்று உயர்த்தி அழுத்தி இறக்கினால் ஒன்றின் கொம்பு மற்றதன் கொம்பில் மாட்டிக்கொள்ளும். தோளில் வைத்த பிறகு ஒன்று மட்டும் நழுவினால், கீழே இருப்பதை மேலே வரும்படி திருப்பிப் போடுங்கள், நின்றுவிடும். இதோடு நுனியில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு வெல்க்ரோ பட்டிகள் கட்டிவிட்டால் பிரியவே பிரியாது. விளையாட்டுச் சாமான் கடைகளில் சில பிராங்குக்குக் கிடைக்கும். பிள்ளைக்கு வாங்கும் பொருட்களில் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

தோளில் வைக்கும்போது வளைந்த நுனி முன்னால் இருக்கட்டும். பூட்டின் முன்பகுதி தோளுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். முன்னால் நீண்டிருக்கும் பகுதியில் கையைப் போட்டு லேசாகக் கீழே அழுத்தினால் பின்பக்கம் தானாக எழும்பும். பெரியவர்களின் ஸ்கீ சோடி பூட்டோடு சேர்த்து ஐந்து, ஆறு கிலோ இருக்கும். சமன் பிடித்துவிட்டால் அந்தப் பாரம் அவ்வளவாகத் தெரியாது. சறுக்கும்போது ஊன்றும் தடிகள் இரண்டும் மற்றக் கையில், கூர்முனை தரையைப் பார்த்தபடி. தூரம் அதிகமென்றால் தடியை மற்றத் தோளின் மேலாக விட்டு, கழுத்துக்குப் பின்னால் ஸ்கீக்கு அடியில் கொடுத்து நெம்பினால் பாரம் இரண்டு தோளுக்கும் பிரியும். கையுறை கட்டாயம். ஓரத்தில் இருக்கும் இரும்புப் பட்டி கையைக் கிழித்துவிடும்.

ஆனால் கூட்டத்துக்குள் தோளில் வைக்க வேண்டாம். யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டெனத் திரும்பினால் பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும். பிளாட்பாரத்திலும் பஸ்ஸிலும் பெரிய கேபிள் காரிலும் நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடிப்பதே மரியாதை. கொண்டோலா என்னும் கம்பியில் ஓடும் சிறிய பெட்டியில் கதவுக்கு வெளியே ஸ்கீ செருகும் குழிகள் இருக்கும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தோளில் வைப்பது சிரமம். குறுக்காக மாட்டும் தோள்பட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள், கை இரண்டும் சும்மா இருக்கும்.

அப்புறம் சப்பாத்து. பாரத்தில் ஸ்கீக்கு அடுத்தபடி இதுதான், பெரியவர்களுடையது சோடி மூன்று, நான்கு கிலோ. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். சாதாரணப் பனிச் சப்பாத்தோடு போய், லிஃப்ட் அடியில் மாற்றுங்கள். மேலே இருக்கும் அகலப் பட்டிகள் இரண்டையும் ஒன்றோடொன்று கோத்தால் பிடி மாதிரி வரும். அதைத் தோளில் போட்டு ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் தொங்கவிடலாம். போட்டுக்கொண்டு நடக்க வேண்டி வந்தால் மேல் கொளுக்கிகளைத் தளர்த்தி, குதியை முதலில் ஊன்றி நடக்கவும். ஈரமான ஓட்டுத் தரையில் வழுக்கும், படிகளில் கைப்பிடியை விட வேண்டாம். அடியில் வளைவான ரப்பர் வைத்த கிரிப்வாக் வகையில் நடப்பது எளிது. ஆனால் அது உங்கள் பூட்டுக்குப் பொருந்துமா என்று கடையில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இரவில் சப்பாத்தைக் காருக்குள் விடாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் இறுகி, காலையில் கால் உள்ளே போகாது.

லாகரைத் தவிரக் குடும்பமாக ஒரு நாள் போவதென்றால், நடக்கவே தேவையில்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரயிலில் ஸ்கீக்குத் தனி டிக்கெட் வேண்டியதில்லை. சூரிச் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உண்டர்டெர்ட்சென் நல்லது: வாலன்சே ஏரிக்கரை ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ஃப்ளும்சர்பெர்க் போகும் கொண்டோலா. வாலிஸ் மாநிலத்தில் ஃபீஷ் ஸ்டேஷனும் கொண்டோலாவும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. கிரிண்டெல்வால்ட் டெர்மினலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இன்னும் எளிய வழியைப் பிடித்திருக்கிறோம். ஸ்கீ, தடி, சப்பாத்து மூன்றையும் லிஃப்ட் அடியில் இருக்கும் கடையிலேயே வாடகைக்கு எடுக்கிறோம். ரயிலில் முதுகுப்பையும் சோற்றுப் பெட்டியும் மட்டும்தான். அடிக்கடி போகும் பிள்ளைக்கு சீசன் முழுவதற்குமான வாடகை மலிவாக வரும், ஆனால் அப்போது தூக்கும் வேலையும் சேர்ந்து வரும்.

வாடகை ஸ்கீகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெயர் எழுதிய நிற டேப் ஒன்றை நுனியில் ஒட்டிவிடுங்கள். சாப்பிடப் போகும்போது ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமும் குத்தி வைத்தால் யாரும் தவறியும் எடுத்துப் போக மாட்டார்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பட்டிகளைக் கழற்றி, இரும்பு ஓரங்களைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மூலையில் சாத்த வேண்டும். ஈரத்தோடு கட்டியபடியே விட்டால் அடுத்த நாள் காலையிலேயே துருப் பிடித்திருக்கும்.